ஏழு மாடுகளின் மேல் விழுந்த பழி

வெள்ளவேலம்புதூர்ப் பட்டிப் பொங்கல் விழாவின் தலைவர், நூற்பாலை கண்ட பின்னும் ஏர்க் கொழுமுனையை மறவாத பெருந்தகை, திருமலைசாமி ஐயா அவர்களே! தலைவருக்குத் துணையாக வந்து, தலைவருக்கே தலைவியாக வீற்றிருக்கும் பங்காரம்மா அம்மையார் அவர்களே! அம்மையார் சிரிக்கிறார்கள், ஆகவே நான் சொன்னது உண்மை என்று எடுத்துக்கொள்கிறேன். கால்நடை மருத்துவர் லாஸ்யா அவர்களே! விடியலில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, சாணம் வாரி, சமைத்து, குளித்து, அதன் பிறகும் சளைக்காமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி இருந்தும் வேப்பமரத்தடியில் நின்றே கேட்பேன் என்று நிற்கும் பெரியோர்களே! ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு இப்போது காதைப் பொத்திக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! கொம்புக்கு வண்ணமும் கழுத்துக்கு மாலையும் பூண்டு, கேட்டும் கேளாததுபோல் அசைபோடும் மயிலைகளே, செவலைகளே, காரிகளே! உங்கள் அனைவரையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கயல்விழி, கைகூப்பி, தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "கால்நடைச் செல்வம்". ஆனால் நான் பேசப்போவது உங்களில் யாரும் கண்ணால் கண்டிராத ஒருவரைப் பற்றி. அவர் செல்லுக்குள் குடியிருப்பவர். கைப்பேசி செல் இல்லை தம்பி, உடம்பின் செல்! அவருடைய பெயர் ஆண்ட்ரோஜன் ஏற்பி. உட்கருவுக்குள் போய் வேலை செய்வதால் அவருடைய குடும்பத்தாருக்கு உட்கரு ஏற்பிகள் என்று பெயர்.

"ஏனுங் கயலு, பொங்கலன்னைக்கும் பாடமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பாடமில்லை அண்ணா, இது வழக்கு! ஏழு பேர்மீது பழி விழுந்த வழக்கு. ஏழு பேரும் வாயில்லாதவர்கள். பழிக்குக் காரணமானவரோ இந்த மேடையிலேயே, மாலையோடு, தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்!

அதோ, தலைவர் ஐயா வாய்விட்டுச் சிரிக்கிறார். நேற்று அனுமதி கேட்கப் போனேன். "சொல்லு அம்மணி, ஒண்ணுத்தையும் மறைக்காத. நான் செஞ்சுபோட்டதை நானே ஒத்துக்காட்டி அப்பறம் யாரு ஒத்துக்கறது?" என்றார். இந்தக் கதையில் வரும் இன்னும் இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அவர்கள் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டீர்கள், சரி.

பெரியோர்களே! தலைவர் ஐயாவின் தோட்டத்துப் பொலிகாளை மகராசனை அறியாதவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? தாராபுரத்திலிருந்து வருகிறவர்கூட "மகராசன் ஊரு" என்றுதானே வழி கேட்கிறார்? ஐந்து வருடமாக நம் ஊர்ப் பசுக்கள் சினைபிடித்ததெல்லாம் அவனால்தான். ஆனால் போன வருடத்துக்கு முந்தைய மாசியில், தலைவர் ஐயாவுக்கு ஓர் ஆசை வந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. அங்கே காளைக்குப் பரிசு. பரிசுக்கு வேண்டியது என்ன? திமில்! பார்த்தவர் பேச்சு நின்றுபோகும்படியான திமில்!

வெளியூர் ஆள் ஒருவர் வந்தார். "ஊசி ஒண்ணு இருக்குதுங்க, மாசத்துக்கு ஒருக்கா போட்டாப் போதும், ஒடம்பு மலையாட்டம் ஏறிப்போகும்" என்றார். ஊசி ஏறியது. உடம்பும் ஏறியது. திமில் எழுந்தது, கழுத்து தடித்தது, தொடை திரண்டது. சித்திரையில் மகராசன் முதல் பரிசு வாங்கி வந்தபோது நானும் தாரைதப்பட்டைக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போனவள்தான். பரிசு வாங்கிய பிறகாவது ஊசி நின்றதா? நிற்கவில்லை! அடுத்த காட்சிக்கு இன்னும் பெரிய திமில் வேண்டுமே!

இனி ஆவணி மாதத்துக்கு வாருங்கள். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் தெருவில் பாவாத்தாள் அத்தை. ஊரில் பாதிப்பேர் காட்டில் களையெடுத்த கை அவருடைய கை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு மயிலைப் பசு. பெயர் மயிலாள். அத்தைக்குப் பிள்ளையில்லை, மாமா ஐயாசாமியோ ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்று மழை வரும். ஆகவே அத்தை பேசுவதெல்லாம் மயிலாளோடுதான். "ஏண்டி, கேக்கறியா?" என்று அத்தை கேட்பதும், மயிலாள் காதை ஆட்டுவதும் எங்கள் தெருவின் காலைச் செய்தி.

அந்த மயிலாளை மகராசனிடம் மூன்று முறை கூட்டிப் போனார்கள். மூன்று முறையும் சினை நிற்கவில்லை. இருபத்தொரு நாளில் மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்தினாள். ஊர் என்ன சொல்லிற்று? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள், நம் ஊர் என்ன சொல்லும்?

"வறட்டு மாடு!"

கேட்டீர்களா? ஒரே குரலில் வந்துவிட்டது பதில்! எங்கேயும் படிக்காமலே எல்லோருக்கும் மனப்பாடமான பதில்!

அத்தை வியாபாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று. வறட்டு மாட்டை வியாபாரி எங்கே கொண்டு போவார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மயிலாளுக்கு மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை காலை, சொசைட்டியில் பால் ஊற்ற நின்றபோது, வரிசையில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அத்தைக்குப் பின்னால் நின்ற அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உங்க மாடு சினையா?" அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "வெளிய சொல்லிராத கண்ணு. ரெண்டு தடவை போயாச்சு, நிக்கல." அடுத்தவரைக் கேட்டேன். அவரும் காதோடு. அதற்கடுத்தவரைக் கேட்டேன். அவரும் காதோடு!

ஏழு வீடு, தாய்மார்களே! ஏழு வீட்டிலும் அதே கதை. ஏழு பேரும் தம் மாட்டுக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று நினைத்து, வெளியே சொன்னால் மாட்டின் மதிப்புப் போகும், வீட்டின் பேர் போகும் என்று வாய்மூடி இருந்தார்கள். தினமும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. இரண்டு வீட்டு மாடுகள் அதற்குள் விற்றே போய்விட்டன. அந்த இரண்டை இன்றுவரை நம்மால் திருப்ப முடியவில்லை. இந்தக் கதையில் எனக்கு வருத்தமான வரி அது ஒன்றுதான். அதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனமில்லை.

ஏழு மாடும் ஒரே நேரத்தில் எப்படி வறண்டு போகும்? ஏழுக்கும் பொதுவானது என்ன? நோட்டில் ஒரு கோடு போட்டேன். கோட்டின் முடிவில் எழுதிய பெயர் மகராசன்.

நோட்டை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். லாஸ்யா டாக்டர் அதைப் படித்தார், இன்னொரு முறை படித்தார், வண்டிச் சாவியை எடுத்தார். சனிக்கிழமை மகராசனிடம் மாதிரி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஐயாவின் களத்துமேட்டில் மேசை போட்டு நுண்ணோக்கியை வைத்தார்.

"மொதல்ல இதைப் பாருங்க ஐயா" என்று, மருந்தகத்தில் சினை ஊசிக்காக வைத்திருந்த வேறொரு காளையின் விந்தணுக்களைக் காட்டினார். ஐயா குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா! தேர்க் கூட்டமாட்டம் இருக்குது!" என்றார்.

"இப்ப இதைப் பாருங்க. இது மகராசன்."

ஐயா குனிந்தார். நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார். அதன்பிறகு, "மிசினு சரியில்லீங் டாக்டர்" என்றார்.

இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. சந்தை கலைந்த திடல்போல், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து அணுக்கள்.

"ஊசி ஏதாச்சும் போட்டீங்களா ஐயா?" என்று டாக்டர் கேட்டார். ஐயா வாதமரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பங்காரம்மா அம்மையார்தான் உள்ளேயிருந்து வந்தார்கள். "ஏழு ஊசிங் டாக்டர். மாசி தொட்டு ஆவணி முட்ட. மாடு திமிறாம மூக்கணாங்கயிறு புடிச்சதே நாந்தானுங்களே!"

ஐயாவுக்கு ரோசம் வந்தது. நியாயமான ஒரு கேள்வியும் வந்தது. "ஊசியில இருக்கறது ஆம்பளை ஹார்மோன்தானே? அதை அதிகமாக் குடுத்தா, அதுவும் அதிகமாத்தானே ஆகோணும்? எப்படிக் கொறையும்? சொல்லு பார்க்கலாம், புஸ்தகக்காரி!"

பெரியோர்களே! மாதிரி எடுத்த அன்றே டாக்டர் ஊசியாக இருக்கலாம் என்று என்னிடம் சந்தேகப்பட்டார்; அன்று இரவு வரை இதே கேள்வி எனக்கும் இருந்தது. டெஸ்டோஸ்டீரோன் இல்லாமல் விந்தணு உருவாகாது என்று என் புத்தகமே சொல்கிறது. அப்படியானால் கூடுதலாகக் கொடுத்தால் கூடத்தானே வேண்டும்? என் கணக்கு உதைத்தது. பாடத்தை நாலு முறை படித்த பிறகுதான் பிடி கிடைத்தது. அன்று ஐயாவுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல் இருக்கிறது, பந்தி இருக்கிறது, மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிறார்கள். சீர் தொடங்குகிறதா? இல்லை. யார் வரவேண்டும்? ஆம், அருமைக்காரர்! சடங்கு செய்து வைக்கும் அந்த அருமைக்காரர் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் எழுந்து உள்வீட்டுக்குள் போவார். அவர் உள்ளே போனால்தான் சீர் நடக்கும். டெஸ்டோஸ்டீரோன் என்பது அந்த வெற்றிலை பாக்கு. ஆண்ட்ரோஜன் ஏற்பி என்பவர் அந்த அருமைக்காரர். உட்கரு என்பது அந்த உள்வீடு. வெற்றிலை எவ்வளவு குவிந்திருந்தால் என்ன, வாங்கிக்கொண்டு உள்ளே போக ஆள் வேண்டாமா? ஏற்பி ஹார்மோனைக் கையில் வாங்குகிறது, உட்கருவுக்குள் நுழைகிறது, மரபணுக்களின் மேல் அமர்ந்து "தொடங்கு" என்கிறது. தசையில் தொடங்கினால் தசை வளரும். விந்தகத்தில் தொடங்கினால் விந்தணு வளரும்.

அப்படியானால் கோளாறு எங்கே? இங்கேதான்! விந்தகத்து அருமைக்காரருக்குத் தேவையான வெற்றிலை, இரத்தத்தில் ஓடுவதைவிடப் பல மடங்கு. அதை விந்தகமே தனக்குள் உற்பத்தி செய்துகொள்கிறது. எங்கள் தெருவின் ஆழ்குழாய்க் கிணற்றைப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது கசியும் தண்ணீரில்தான் பக்கத்து நாற்றுப்பாத்தி வளர்கிறது. ஒருநாள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்துவிட்டது. குடமெல்லாம் நிறைந்திருப்பதைப் பார்த்த மோட்டார்க்காரர் என்ன செய்வார்? "தண்ணிதான் நெறையா கெடக்குதே" என்று மோட்டாரை நிறுத்திவிடுவார். தெருவில் வெள்ளம். பாத்தியில் வறட்சி!

மகராசனுக்கும் அதுதான் நடந்தது. ஊசி, இரத்தத்தை நிறைத்தது. தசையின் ஏற்பிகளுக்கெல்லாம் கை நிறைய வெற்றிலை; திமில் திரண்டது. மூளையிலும் இதே ஏற்பி உண்டு; அது நிறைவைப் பார்த்துப் "போதும்" என்றது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்தியது. விந்தகம் தன் ஹார்மோனை நிறுத்தியது. விந்தகத்து அருமைக்காரர் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே பார்த்தால் மலை. உள்ளே பார்த்தால் மௌனம்!

ஐயா மகராசன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப மாடுக மேல குத்தமே இல்லியா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

பின்வரிசையில் சட்டையின் கையை மடித்துவிட்டிருக்கும் அண்ணன்மார்களே, கைதட்டியது போதும், இது உங்களுக்கும்தான்! தாராபுரத்திலும் கோவையிலும் ஜிம்முக்குப் போகிறவர்களில் சிலர், கண்ணாடியில் திமில் பார்க்க ஆசைப்பட்டு இதே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் இந்த ஏற்பி ஒரே வேலையைத்தான் செய்கிறது. தண்டால் எடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், ஊசியைத் தொடாதீர்கள். யார் அங்கே தலையைக் குனிவது? நான் பெயர் சொல்லமாட்டேன்.

ஞாயிறு மாலை பாவாத்தாள் அத்தையிடம் ஓடினேன். "அத்தை, குத்தம் மயிலாள் மேல இல்ல! காளைமேலதான்!"

அத்தை நம்பவில்லை. "பரிசு வாங்குன காளையையா கொறை சொல்றே? வேண்டாங் கண்ணு. வாக்குக் குடுத்துப்போட்டேன். கொறைன்னு வந்தா அது பொட்டை மேலதான் நிக்கும். எனக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் மயிலாளின் நெற்றியைத் தடவினார். "என்னையும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை வியாபாரி வந்துவிட்டார், கையில் புதுக் கயிறு. "புடிச்சுக் குடுங்க ஆத்தா. வறட்டு மாட்டுக்குத் தீனி தண்டமுங்க" என்றார். அத்தை கட்டுத்தறிக்குப் போனார். முடிச்சில் கை வைத்தார். அவிழ்க்காமல் அப்படியே நின்றார்.

கட்டில் கிறீச்சிட்டது. ஐயாசாமி மாமா எழுந்தார்.

"மாடு விக்கறதுக்கில்லீங்க" என்றார். "கொறை மாட்டு மேல இல்ல. காளையைச் சோதிச்சுப் பார்த்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

எண்ணிப் பாருங்கள், ஒரு நாளைய நாலு வார்த்தையை மாமா தாண்டிவிட்டார்! ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. வியாபாரியின் வண்டி தெருமுனை திரும்பியதும், அத்தையின் முகத்தைப் பார்க்காமல், மயிலாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாப்பது வருசத்துக்கு முந்தி நானும் ஒருக்கா போய்ச் சோதிச்சிருக்கோணும் பாவாத்தா. எங்கம்மா உன்னைப் பேசினப்ப எல்லாம் வாயத் தொறக்காம நின்னுபோட்டேன்."

மதிப்பிற்குரிய அவையே! வேலியோரம் நோட்டோடு நின்ற எனக்கு எழுத ஓடவில்லை. அத்தை அழுவார் என்று நினைத்தேன். அத்தை முந்தானையை உதறிச் செருகினார். "இப்பவாச்சும் தொறந்தீங்களே. மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றார்.

அன்றே லாஸ்யா டாக்டர் வேறு காளையின் சினை ஊசியை மயிலாளுக்குப் போட்டார். பருவம் சரியாக இருந்தது; முதல் முறையிலேயே நின்றது. ஆனியில் ஈன்றாள், கிடாரிக் கன்று. அதோ, மேடைக்கு இடப்புறம், என் பேச்சைவிட என் தாவணியைத் தின்பதிலேயே கருத்தாக இருக்கிறதே, அதுதான்!

மகராசன்? ஊசியை நிறுத்தினோம். மோட்டார் உடனே ஓடவில்லை. தையில் பார்த்தபோதும் கூட்டம் குறைவுதான். பங்குனியில் ஐயா நுண்ணோக்கியில் குனிந்தார். "டாக்டர்! தேரு கெளம்பிருச்சுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் களத்துக் கோழிகளெல்லாம் பறந்தன. திமில் கொஞ்சம் இறங்கிவிட்டது. இந்த மார்கழி முடிவில் அவனுடைய கன்றுகள் மூன்று பிறந்திருக்கின்றன. ஐயா அந்த ஏழு வீட்டுக்கும் தாமே நடந்துபோய், "என்ற காளைதானுங்க காரணம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்று அவர் தோட்டத்து வாசலில் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் காளையின் பரிசோதனைச் சீட்டு தொங்குகிறது. கோப்பையைப் பார்க்க வருகிறவர்கள் சீட்டையும் படிக்கிறார்கள்.

மணி அடிக்கப் போகிறீர்களா ஐயா? இரண்டே நிமிடம்.

மாட்டுக்குச் சொன்னதை வீட்டுக்கும் சொல்லாமல் நான் இறங்கினால் என் படிப்புக்கு என்ன பொருள்? கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் "விசேசம் ஒண்ணும் இல்லியா?" என்று யாரைக் கேட்கிறோம்? பெண்ணை! கோயில் கோயிலாக யாரை நடக்க வைக்கிறோம்? பெண்ணை! மருந்தையும் பத்தியத்தையும் மனவேதனையையும் யாருக்குக் கொடுக்கிறோம்? பெண்ணுக்கு! ஆணின் பரிசோதனை வலியில்லாதது, எளிதானது, ஒரு காலைப்பொழுதில் முடிவது. அதை ஏன் கடைசியில் வைக்கிறோம்? இருவரும் ஒன்றாகப் போங்கள். சீட்டில் இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கட்டும். குறை ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், காரணமே தெரியாமலும் போகலாம். எதுவானாலும் அது உடம்பின் செய்தி. அதில் அவமானம் எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்பி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால், அதற்கு ஒரு பெண் நாற்பது வருடம் தலைகுனிய வேண்டுமா?

பாவாத்தாள் அத்தையும் ஐயாசாமி மாமாவும் எந்தச் சோதனைக்கும் போனதில்லை. யாரிடம் குறை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியவும் தேவையில்லை.

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டிப் பொங்கல் பானையில் முதல் பிடி அரிசியைப் பிள்ளை பெற்றவள் கைதான் போடும். இன்று காலை பானை பொங்கி வந்தபோது பங்காரம்மா அம்மையார் அரிசித் தட்டை எடுத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வரை நடந்தார்கள். பாவாத்தாள் அத்தையின் முன் நின்றார்கள். "நான் வேண்டாமுங்க" என்று அத்தை பின்வாங்கினார். "கை நீட்டு பாவாத்தா. பானை காத்துக்கிட்டு இருக்குது" என்றார்கள் அம்மையார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். யாரும் மறுக்கவில்லை.

சற்று முன் நீங்கள் வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டு, "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்று சொன்னீர்களே, அந்தப் பொங்கலின் முதல் பிடி, அத்தையின் கைப்பிடி!

பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கே பேசி என்னை உற்சாகப்படுத்திய அண்ணன்மார்களுக்கும், தாவணியை முழுவதும் தின்னாமல் விட்ட கன்றுக்கும் என் நன்றி. நம் பட்டி பெருகட்டும்! நம் பழி ஒழியட்டும்! வணக்கமுங்க!